ஒன்பது தட்டு, ஒன்பது பொம்மை

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாலு பேர் முன்னால் தன் பெயர் அடிபடுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், கல்யாணமான புதிதில் நாங்கள் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தோம். சுவரை ஒட்டிய அடுத்த வீடு அவருடையது. தெருவில் எல்லோரும் பொம்மைக்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அம்மாவைவிட்டு வந்த எனக்கு அப்படி ஒருவரைப் பக்கத்துச் சுவரில் வைத்த பெருமாளுக்கு, இன்றைக்கும் சனிக்கிழமை விளக்கேற்றும்போது ஒரு கும்பிடு தனியாகப் போட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்குத் தொழில் சீர்த்தட்டு கட்டுவது. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள்நீர் என்றால் தாய்மாமன் வீட்டார் மேளத்தோடு தட்டு எடுத்து வருகிறார்களே, அந்தத் தட்டுகளில் பழம், பூ, துணி, பலகாரம் எல்லாம் அடுக்கி, ஜரிகைத் துணி விரித்து, கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுப்பார். தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஏழு, ஒன்பது, பதினொன்று. அக்காவிடம் பெயர்போனது ஒன்பது தட்டு. ஏனென்றால் அவரிடம் ஒன்பது பொம்மைகள் இருந்தன.

டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். காட்டுக்குள் பள்ளிக்கூடம் நடத்தும் மிருகங்களின் கதை. கரடி, முயல், நரி, தவளை என்று எட்டுப் பிள்ளைகள், கண்ணாடி போட்ட ஆமை வாத்தியார் ஒருவர். அந்த ஒன்பதையும் பஞ்சு பொம்மையாகச் செய்து விற்றார்கள். அக்கா ஒரே நாளில் வாங்கியதல்ல. திருச்சிக்குப் போகும்போது ஒன்று, மகள் ஓசூரிலிருந்து வரும்போது ஒன்று என்று பல வருஷமாகச் சேர்த்தது. ஆமை கடைசியில் கிடைத்ததாம். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி ஆமை செய்வதையே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு பொம்மை உட்கார்ந்து வந்தால், தெருவிலிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் மேளத்தை விட்டுவிட்டுத் தட்டுக்குப் பின்னால் நடப்பார்கள். விசேஷம் முடிந்ததும் பழமும் துணியும் அந்த வீட்டில் இருக்கும். பொம்மைகள் அக்காவிடம் திரும்பிவிடும். அவை வாடகைக்கு.

போலிப் பொம்மைகள் அவருக்கு ஆகாது. கடைவீதியில் அதே நரி, அதே முயல் கால்வாசி விலைக்குத் தொங்கும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

"இதுக்குக் கண்ண ஒட்டியிருக்கான் பாரு. நல்லதுக்குத் தச்சிருக்கும். ஒட்டின கண்ண எந்தக் கொழந்தையாவது பிச்சு வாயில போட்டுக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது?"

மாதம் ஒரு முறை ஒன்பதையும் குளிப்பாட்டுவார். சின்னக் குழந்தைக்குப் போடும் ஷாம்பு. பழைய பல் பிரஷ்ஷால் முடி வாரிவிட்டு, நிழலில் நைலான் கட்டிலில் வரிசையாக உட்கார வைப்பார். காதைப் பிடித்துக் கொடியில் மாட்டிவிடலாமே என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன். "ஒன் காதுல கிளிப்பு மாட்டட்டுமா?" என்றார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு சாம்பிராணி போடும்போது கட்டிலுக்கும் ஒரு சுற்று காட்டுவார். அதனால் அவருடைய தட்டு வந்தால் பொம்மைகளிடமிருந்து கோயில் வாசம் வரும்.

சாயங்காலம் அந்தக் கார்ட்டூன் போடும் நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று கேலி செய்தார்.

"என்னக்கா, பேரன் பேத்தி எடுத்த வயசுல பொம்மப் படமா?"

"நீங்க கிரிக்கெட்டு பாக்கறீங்களே தம்பி, அதுல நீங்களா வெளையாடறீங்க? இது எனக்குத் தொழில். நரிக்கும் தவளைக்கும் இன்னைக்கு சண்ட. அது தெரியாம ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுல வச்சேன்னா, புள்ளைங்க என்னையத்தான் கேக்கும்."

இதெல்லாம் அக்காவின் வெளிப்பக்கம். உள்ளே இருந்த குணம் வேறு. அது எனக்குப் புரிய நாளானது.

நான் சும்மா இருந்த நாட்களில் அவரோடு தட்டு கட்டப் போவேன். ஒரு தரம் ஒரு தாய்மாமன் தானே பழம் வாங்கி வருவதாகச் சொல்லி, ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு ஆப்பிளும் கொஞ்சம் கொய்யாவும்தான். தட்டோ அண்டா மூடி அகலம். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கரடியைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தார். அதன் கால் இரண்டையும் அகட்டி, மடியில் மூன்று ஆப்பிள், கை இடுக்கில் ஒன்று, பாதத்துக்கு இரண்டு பக்கமும் கொய்யா என்று வைத்துக் கண்ணாடித்தாளைச் சுற்றினார். தட்டு நிரம்பி வழிகிற மாதிரி இருந்தது. அந்த மனிதர் திரும்பி வந்து பார்த்தபோது அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். அக்கா கவனிக்காத மாதிரி கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பொம்மைகளைத் திரும்ப எடுக்கப் போகும்போதும் அப்படித்தான். ஒரு நாளும் முன்வாசலில் போய்க் கேட்டதில்லை. பந்தியில் கூட்டம் கை கழுவும் நேரமாகப் பார்த்துக் கொல்லைப்பக்கம் போவார். துணிப்பை ஒன்று, மேலே போட ஒரு துண்டு. அந்த வீட்டுப் பெண்ணிடம், "புள்ளைங்க வூட்டுக்கு வர்ற நேரமாச்சு" என்பார். அவ்வளவுதான். வாடகை என்கிற சொல்லை விசேஷ வீட்டில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

ஒரு மஞ்சள்நீர் வீட்டில் முயலின் கால் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்திருந்தது. நான் அங்கேயே, "அக்கா, முயல் கால கிழிச்சிப்புட்டாங்க பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சுற்றியிருந்த பெண்கள் திரும்பினார்கள். அக்கா, "அப்புறம் பேசிக்கலாம்" என்று பையை மூடிவிட்டு நடந்தார். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நானே போய் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முயலின் காலைத் தைத்தபடியே சொன்னார்.

"எனக்கு வளைகாப்பு நடந்தப்ப எங்கண்ணன் சீர் கொண்டாந்துச்சு புள்ள. சபையிலயே வச்சு தட்டுத் தட்டா கெளறிப் பாத்து, 'இவ்வளவுதானா'ன்னு எங்க வூட்டுக்காரரோட சித்தி கேட்டாங்க. எங்கண்ணன் சோறு திங்காம எந்திரிச்சுப் போச்சு. அப்ப போனதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

பிறகு மாமனார் தவறிப்போக, நாங்கள் அரியலூர் பக்கம், செந்துறை போகும் வழியில் இருக்கும் மாமியார் வீட்டோடு வந்துவிட்டோம். மகள் பிறந்து மூன்றாவது வயதில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மொட்டை போட்டு, வீட்டில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் சீர் என் தம்பி செய்ய வேண்டும். அவன் பூலாம்பாடியில் சின்ன வெங்காயம் போடுகிறவன். அந்த வருஷம் விலை ஏறட்டும் என்று வயலோரம் பட்டறை போட்டுக் குவித்து வைத்திருந்த வெங்காயம் அத்தனையும் மழையில் அழுகிவிட்டது. தோடும் கொலுசும் எப்படியோ புரட்டிவிட்டான். மீதிக்கு நான்தான் அக்காவிடம் போகச் சொன்னேன். "ஒன்பது தட்டு வச்சிடலாம் தம்பி, பாக்கறதுக்கு நெறைவா இருக்கும்" என்று அக்கா சொன்னதாக போனில் சொன்னான். அவன் குரலில் தெம்பு வந்திருந்தது.

நிறைவாகத்தான் இருந்தது. ஆமை வாத்தியார் முன்னால் வர, தட்டுகள் தெருவைச் சுற்றி வந்தன. என் மகள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போதுகூட அழாமல் ஆமையின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் பக்கத்தில் சீரை மைக்கில் படிக்கும் வழக்கம் உண்டு. 'தட்டு ஒன்பது' என்று மட்டும் படிக்கச் சொல்ல வேண்டும் என்று அக்கா தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் இருந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறையாகும் பங்காளி ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தோடு ஒரு ஜோடி. வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி. பட்டுப் பாவாடை ரெண்டு. டிவியில வர்ற பொம்மை ஒம்போது."

சபையில் படித்துவிட்டால் அது சீர். சீராக வந்தது திரும்பிப் போகக் கூடாது. போனால் கொடுத்தவனுக்கும் கேவலம், அவனோடு பிறந்தவளுக்கும் கேவலம். தம்பி சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் போன் போட்டோம். பஸ்ஸில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை.

கொல்லைப்பக்கம் அன்றைக்குச் சமையல்காரர்கள் அடுப்பும் விறகும் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அதனால் மூன்று மணிக்கு அக்கா முன்வாசலில் வந்தார். கையில் அதே துணிப்பை. கூடத்தில் பாயில் என் மகள் ஒன்பது பொம்மைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். அக்கா வாசலிலேயே நிலைமையைப் பார்த்து நின்றுவிட்டார். ஆனால் தம்பி பெண்டாட்டி சின்னப் பெண், விவரம் போதாது. உள்ளேயிருந்து வந்தவள், "அண்ணி, பொம்மைக்காரம்மா வந்துட்டாங்க. பொம்மையெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

என் பெரிய நாத்தனார் தாம்பூலப் பையைக் கீழே வைத்தார்.

"எடுத்துக் குடுக்கறதா? என்னத்த? இப்பத்தான மைக்குல படிச்சாங்க?"

தம்பி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவன், அதை இறக்கி வைக்கவும் மறந்து நின்றான். அவன் காது மடல் சிவந்துவிட்டது. பெருமாளே, என் தம்பியை இந்த இடத்திலிருந்து காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா நாத்தனாரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எம்மேலதாங்க தப்பு. தம்பி இத வெலைக்குத்தான் வாங்கினாரு. நாந்தான் மாத்தி எழுதி வச்சிக்கிட்டு, வாடகப் பொம்மைன்னு நெனச்சு பையத் தூக்கிட்டு வந்துட்டேன். பாதி வழியில ஞாபகம் வந்துச்சு. சரி, வந்ததுதான் வந்தோம், புள்ளையப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

"நல்லா வந்த போ" என்றார் நாத்தனார். "ஒரு மனுசன் சீர் செஞ்ச எடத்துல பையத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? தொழில் பண்றவளுக்கு இது கூடவா நெனப்பு இருக்காது?"

"வயசாச்சும்மா. மன்னிச்சிக்குங்க."

"என்ன வயசு பெரிய வயசு. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க, தாய்மாமன் ஓசிப் பொம்ம கொண்டாந்தான்னுதான?"

"பேச மாட்டாங்கம்மா. நானே சொல்றேன், எம்மறதிதான்னு."

யாரையும் சபையில் தலைகுனிய விடாதவர், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் தலை குனிந்து நின்றார். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். உண்மை வந்தால் தம்பி அவ்வளவுதான். அக்கா குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "ஆமை சார நல்லா பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒரு வாய் சாப்ட்டுப் போங்கக்கா."

"அப்புறம் பேசிக்கலாம் புள்ள. உள்ள போ. நீ பின்னால வந்தா சந்தேகப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுவாரம் தம்பி அவரைப் பார்க்கப் போயிருக்கிறான். பொம்மைக்கு என்ன விலையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன் என்றானாம். "வித்துட்டேன்னு சபையில சொல்லியாச்சு. இனிமே அதப் பத்திப் பேச்சு வேணாம். அடுத்த வெள்ளாமையில நல்ல வெங்காயமா நாலு படி குடு" என்று அனுப்பிவிட்டார். பொம்மைகளை எப்படியாவது திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. ஆனால் நாத்தனார் போகும்போது ஒன்பதையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் மாமியார் அதைக் காட்டுவார், தாய்மாமன் சீர் என்று. ஆமையை மட்டும் என் மகள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள்; பிறகு அது அவள் கையை விட்டு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மாமியார் அலமாரியைத் திறந்து, எட்டுப் பொம்மைகளையும் ஒரு வெள்ளை வேட்டியில் வைத்துக் கட்டினார்.

"கெளம்பு. பெரம்பலூர் போயிட்டு வந்துடுவோம்."

"எதுக்குங்கத்த?"

"கண்ணாடி போட்ட ஆமை நாட்டுல எத்தன இருக்கும்? போன வருசம் பெரம்பலூர்ல ஒரு வளைகாப்புக்குப் போனேன். அங்கயும் இந்த ஆமைதான் முன்னால வந்துச்சு. தட்டு உள்ள வந்தப்பவே எனக்குத் தெரியும்மா. பெரியவ கத்தினப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லாம உக்காந்திருந்துட்டேன். அதுலேருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல."

பஸ்ஸில் மூட்டையை மாமியார் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் கட்டிலுக்குத்தான் போனது. அங்கே புதிதாக ஒன்பது பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. கண் ஒட்டிய பொம்மைகள். ஒத்துக்கொண்ட விசேஷத்தை விட முடியாமல், வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்றவர் அவற்றை வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு கண்ணையும் சுற்றிக் கறுப்பு நூலால் தானே தைத்திருந்தார்.

மாமியாருக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. மூட்டையைப் பார்த்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "என்னம்மா இது? வித்த பொருள திருப்பி வாங்கற பழக்கம் எங்கிட்ட இல்லீங்களே" என்றார்.

"திருப்பிக் குடுக்க வரலம்மா" என்றார் மாமியார். "எங்க வூட்டுல எலித் தொந்தரவு. அலமாரியக் கடிச்சுப்புடும் போலருக்கு. நீதான் இதெல்லாம் வச்சிக் காப்பாத்தத் தெரிஞ்சவ. ஒங்கிட்ட இருக்கட்டும்."

"தாய்மாமன் சீருங்க. நான் எப்படி வச்சிக்கறது? தம்பி மனசு சங்கடப்படாதுங்களா?"

"எம் பேத்தி பொம்மதான? எம் பேத்திக்குப் பதிலா நான் சொல்றேன். சும்மா வச்சிருந்தா பூச்சி அரிக்கும். நாலு விசேஷத்துக்குக் கொண்டு போ. கொழந்தைங்க பாத்து சந்தோசப்பட்டா அந்தப் புண்ணியம் எம் பேத்திக்கு வரட்டும்."

"அலமாரிக்கு எலி வருதுங்களா?"

"ரொம்ப வருது."

எங்கள் வீட்டில் எலியே கிடையாது. மாமியார் இரண்டு பூனை வளர்க்கிறார். அக்கா கொஞ்ச நேரம் மாமியாரையே பார்த்தார். பிறகு மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி, அவிழ்க்காமல் அப்படியே சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு, "மோர் குடிக்கிறீங்களா, காப்பி போடட்டுமா?" என்றார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தக் காதுகுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் காப்பித் தம்ளரோடு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு மனதுக்குள் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மாமியார் முன்னால் இறங்கி நடந்தார். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"ஒம் மாமியாளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாக்கா. மொதல்லேருந்தே தெரியுமாம்."

"நல்ல மனுசி. ஆனா இது ஒந்தம்பி காதுக்குப் போவக் கூடாது. அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூசுவான். அவன் நிமிந்து வந்து போவணும் புள்ள. எனக்கு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அக்கா இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டதாம். தட்டு கட்டுவதில்லை.

தம்பி பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் மஞ்சளும் தூக்கிக்கொண்டு வருகிறான். செருப்பை உதறிவிட்டு நேராகக் கூடத்தில் போய்ச் சட்டமாக உட்கார்ந்து, "அத்தை, காப்பில சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்று என் மாமியாரிடமே அதிகாரமாகக் கேட்கிறான். அவரும் போட்டுக் கொடுக்கிறார். அவன் பாடப் புத்தகத்துக்கு மேல் ஒரு புத்தகத்தையும் தொட்டவனில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன்.